ஜில்டோ வளைவு

டூரின்
1999 செப்டம்பர் 14

டெல்ஃபினா,

அன்புள்ள அக்கா என்று எழுதிவிட்டு அதை அடித்தேன். தொலைபேசியில் கூப்பிட்டால் இருவரும் கத்துவோம். ஜூலையில் கத்தியதே போதும். அதனால் எழுதுகிறேன். தாளை மடியில் வைத்திருக்கிறேன். எழுத்து புரியாவிட்டால் இரண்டு முறை படி.

நேற்றுக் காலை நம் திராட்சைத் தோட்டத்துச் சரிவில் நடந்தது இந்நேரம் உன் காதுக்கு வந்திருக்கும். அடிபட்டவளின் பெயர் டீனெகே. ஹாலந்துக்காரி, பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். இந்த முறை நான் வழிகாட்டி அழைத்துவந்த சைக்கிள் குழுவில் எல்லோரும் அந்த வயதுதான். முந்தின நாள் மாலை விடுதியில் கால்களை நீட்டிப் போட்டுக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "எங்க ஊர்ல மேடுன்னு ஒண்ணே கிடையாதுப்பா. சாகறதுக்குள்ள ஒரு மலையையாவது சொந்தக் கால்ல மிதிச்சு ஏறணும்னுதான் வந்தேன்." ஏறினாள். எல்லோருக்கும் முன்னால் ஏறினாள். சின்னக் கோயில் பக்கம் மற்றவர்கள் நின்று பனிமூட்டத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், நான் பின்னால் ஒருவருக்கு அறுந்த சங்கிலியைப் பூட்டிக்கொண்டிருந்தேன். அவள் மட்டும் சரிவில் இறங்கிவிட்டாள்.

ஒரு சத்தமும் வரவில்லை, டெல்ஃபினா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கருங்குருவி கத்திக்கொண்டிருந்தது. நான் வளைவைத் திரும்பியபோது அவள் புல்லில் கிடந்தாள். கழுத்திலிருந்து ரத்தம். கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்தாள், பேச முடியவில்லை. அவள் தலைக்கு மேலே பாதையின் குறுக்கே கம்பி ஆடிக்கொண்டிருந்தது. ஒரு முனை நம் வரிசையின் கடைசிக் கம்பத்தில், மறு முனை எதிர்ப்பக்கத்து அகேசியா மரத்தில்.

திராட்சைக் கொடி படர விடுகிற கம்பி. ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, தெரியும். ஆனால் மூன்று சுற்று சுற்றி நுனியை உள்ளே மடக்கிச் செருகியிருந்த அந்த முடிச்சு நம் வீட்டு முடிச்சு. நீயும் நானும் ஒரே நாளில் கற்றுக்கொண்டது.

"இனிமே உன் ஆளுங்களை இந்தப் பக்கம் அனுப்பினே, நான் ரோட்டை அடைச்சிடுவேன்" என்று ஜூலையில் நீ முற்றத்தில் நின்று கத்தியதைப் பாதி ஊர் கேட்டது. போலீஸ் என்னிடம் யார் மேலாவது சந்தேகமா என்று கேட்டது. இல்லை என்றேன். உனக்காக நான் சொல்லும் கடைசிப் பொய் இது.

அவள் பிழைப்பாளா என்று தெரியவில்லை. மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

நீதான் கட்டினாயா? நீயே எழுது.

லிவியோ


பிரிக்கோ மெர்லே
செப்டம்பர் 17

லிவியோ,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். படித்து முடித்ததும் அடுப்பில் போடப் போனேன், பிறகு போடவில்லை. ஒரு நாள் இதை நீயே உன் கண்ணால் படித்து வெட்கப்பட வேண்டும்.

நான் கட்டவில்லை.

நான் கத்தினேன், உண்மை. நான்கு வருடமாகக் கத்துகிறேன். காரே வராத அமைதியான பாதை என்று நீ தாளில் அச்சடித்துக் கொடுக்கிறாயே, அந்த அமைதி எப்படி வந்தது என்று உன் ஆட்களுக்குச் சொல்வாயா? காரில் போகிற வசதி உள்ளவன் எல்லாம் இந்த மலையை விட்டுப் போய்விட்டான், அதனால் வந்த அமைதி. நீயும் போனவன்தான். பறிப்பு நேரத்தில் நான் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்தால் எதிரே பத்துப் பேர் பாதை நடுவில் நின்று மணி அடிக்கிறார்கள். ஒருத்தி என் நெபியோலோ திராட்சைக் கொத்தைப் பறித்துத் தின்றுகொண்டே எனக்குக் கை காட்டினாள். அப்பாவுக்கும் இவர்கள் வருவது ஆகவில்லை, பாதையை மாற்று என்று கேட்டேன். "நீ உன் எரிச்சலுக்கு அப்பாவை இழுக்காதே" என்றாய். அதற்கு அப்புறம்தான் இந்த முற்றத்தில் காலை வைக்காதே என்றேன். மறந்துவிட்டாயா?

சரி, நான் கெட்டவள் என்றே வைத்துக்கொள். ஆனாலும் கொஞ்சம் யோசி. அந்த வளைவிலா கட்டுவேன்? ஜில்டோ வளைவிலா? போர் நடந்தபோது அதே இடத்தில் பாசிஸ்டுகள் கட்டிய கம்பியில் கழுத்து அறுந்து ரொட்டிக்கடை ஜில்டோ செத்தான் என்று நம் இருவருக்கும் பேச்சு வந்த நாளிலிருந்து சொல்லி வளர்த்தார்கள். அவன் நினைவுக்கல் அங்கே நிற்கிறது. ஒவ்வொரு ஏப்ரலும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதற்குப் பூ வைத்தவள் நான். அந்தக் கல்லுக்கு எதிரே நான் போய்க் கம்பி கட்டினேன் என்று என் தம்பி எழுதுகிறான்.

திங்கள் காலை நான் கீழே நிலவறையில் தொட்டி கழுவிக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டுத்தான் மேலே வந்தேன். காவல்நிலைய அதிகாரி மாரெஷல்லோ வந்து கொட்டகையிலிருந்து ஒரு சுருள் கம்பி எடுத்துக்கொண்டு போனார். இப்போது கடைக்குள் நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. ஜில்டோவின் தங்கை மிலியா அத்தை மட்டும்தான் எல்லார் முன்னாலும் சொன்னாள்: "இவளுக்கு நாக்குதான் நீளம். போங்கடா, போய் அவங்கவங்க வேலையைப் பாருங்க."

அன்றிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. சூப்பில் ரொட்டியைப் போட்டு ஊறவைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று எழுது. எனக்காக இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

டெல்ஃபினா


டூரின்
செப்டம்பர் 21

அக்கா,

டீனெகே பிழைத்துவிட்டாள். தோள் எலும்பு உடைந்திருக்கிறது. குரல் திரும்புமா என்று மருத்துவர்கள் இப்போது சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

ஜில்டோ வளைவு என்று நீ எழுதியதைப் படித்தபோது எனக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. ஒரு வாரமாக அந்த இடத்தை நினைத்துக்கொண்டே இருக்கிறேன், ஆனால் அது எந்த இடம் என்று எனக்கு உறைக்கவே இல்லை. நீ கட்டவில்லை. எழுதியதற்கு மன்னித்துக்கொள். இதை இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பேன், அதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. உட்கார்ந்துகொண்டு படி. அப்பா பக்கத்தில் இருந்தால் வேறு அறைக்குப் போ.

நேற்று டீனெகேவுக்கு எழுதிக் காட்ட ஒரு சிலேட்டு கொடுத்தார்கள். கணவனுக்கு இரண்டு வரி எழுதினாள். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு எழுதினாள்: "எனக்கு உதவின பெரியவருக்கு நன்றி சொல்லிட்டீங்களா?"

"எந்தப் பெரியவர்?" என்றேன். அங்கே யாரும் இல்லையே.

அவள் அழித்து அழித்து எழுதியது இது: விழுந்ததும் கொடிகளுக்குள்ளிருந்து ஒரு வயசானவர் வந்தார். வெள்ளை மீசை. பழைய தொப்பியைக் கழற்றி மடித்து என் தலைக்குக் கீழே வைத்தார். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். நீங்கள் வருகிற சத்தம் கேட்டதும் தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்விட்டார்.

பிறகு எழுதினாள்: "ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஜில்டோ, ஜில்டோன்னு. உங்க பாஷையில அப்படின்னா என்ன அர்த்தம்?"

அவள் சிலேட்டை என் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டே இருந்தாள். "அது ஒருத்தரோட பேரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

திங்கள் காலை அப்பா எங்கே இருந்தார்?

லிவியோ


பிரிக்கோ மெர்லே
செப்டம்பர் 24

லிவியோ,

கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது.

நேற்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கதவைச் சாத்திவிட்டு அவர் எதிரே உட்கார்ந்தேன். பேசியதை அப்படியே எழுதுகிறேன். ஒன்றைக் கூட்டிக் குறைத்து எழுதும் தெம்பு எனக்கு இல்லை.

"அப்பா, திங்கக்கிழமை விடியக்காலைல எங்க போனீங்க?"

"காவலுக்கு."

"என்ன காவல்?"

"மெதுவாப் பேசு. மோட்டார் சைக்கிள் போயிடுச்சா?"

போயிடுச்சு என்றேன். ஒருத்தனா ரெண்டு பேரா என்று கேட்டார். கம்பியை யார் கட்டினது என்று கேட்டேன். என்னை முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நான்தான். குலுக்கல்ல என் பேருதானே வந்துச்சு."

"அப்புறம் ஏம்ப்பா அழுதீங்க?"

மேசையில் கிடந்த ரொட்டித் துகளை விரலால் ஒன்றாகக் கூட்டினார். பிறகு சொன்னார்: "தப்பான ஆளு வந்துட்டான். ஜில்டோ. சைக்கிள்ல வந்தான். எங்களுக்குத்தான் ரொட்டி கொண்டாந்தான். மோட்டார் சைக்கிள் போனதுக்கப்புறம்தான் அவன் வரணும். ஏன் முன்னாடியே வந்தான்னு அவனையே கேளு."

லிவியோ, அப்பா திங்கட்கிழமையைப் பற்றிப் பேசவில்லை. நாற்பத்து நான்காம் வருடத்தைப் பற்றிப் பேசினார். இரண்டும் அவருக்கு ஒரே காலையாகிவிட்டது.

"பாசிஸ்டுங்கதானே அந்தக் கம்பியைக் கட்டினாங்க?" என்று கேட்டேன். இல்லை என்று சொல்லிவிடக் கூடாதே என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே கேட்டேன்.

"அப்படித்தான் சொல்லணும்னு தலைவர் சொன்னார். நாமதான் கட்டினோம்னு தெரிஞ்சா நாளையிலேருந்து ஊர்ல ஒருத்தன் நமக்கு ரொட்டி தர மாட்டான்னார்."

அவ்வளவுதான். பாசிஸ்டுகளை எதிர்த்து மலையில் ஒளிந்திருந்த நம் மலைப்படைதான் கட்டியது. ஜெர்மன்காரன் தபால் கொண்டுபோகும் மோட்டார் சைக்கிளுக்காகக் கட்டியது. கட்டியவர் நம் அப்பா, பத்தொன்பது வயதில். செத்தது அவருடைய சொந்தக் கூட்டாளி. "பாசிஸ்டுகளால் கொல்லப்பட்டான்" என்று கல்லில் செதுக்கியிருக்கிறது. அதை நட்டபோது மண் தோண்டியதும் அவர்தான்.

ஜூன் மாதம் ஒன்று நடந்தது. அப்போது சிரித்துவிட்டு உன்னிடம்கூடச் சொல்லவில்லை. உன் ஆட்கள் வரிசையாகச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார்கள், சக்கரங்கள் கிர்ரென்று சத்தம் போட்டன. அப்பா என் பாவாடையைப் பிடித்து இழுத்துக் கொடிகளுக்குள்ளே தரையில் படுக்க வைத்துவிட்டார். "தலையைத் தூக்காதே!" வயசானவர் விளையாடுகிறார் என்று நினைத்தேன்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன், திட்டாதே. இன்று காலை காவல்நிலையத்துக்குப் போய் மாரெஷல்லோவிடம் கம்பியை நான்தான் கட்டினேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவர்கள் அப்பாவை வந்து கேட்டிருப்பார்கள். அவர் எல்லாவற்றையும் சொல்லியிருப்பார், ஒரு மணி நேரத்தில் மிலியா அத்தை காதுக்குப் போயிருக்கும். ஒவ்வொரு ஞாயிறும் அவள் நம் சமையலறையில் உட்கார்ந்து அப்பாவோடு சீட்டு விளையாடுகிறாள், லிவியோ. அவளுடைய அண்ணன் அவன்.

நீ வாயைத் திறக்காதே.

டெல்ஃபினா


டூரின்
செப்டம்பர் 27

அக்கா, என்ன காரியம் செய்தாய்!

உன் கடிதத்துக்கு முன்னாலேயே மாரெஷல்லோவின் தொலைபேசி வந்துவிட்டது. "உங்க அக்கா ஒத்துக்கிட்டாங்க. எனக்கும் நம்ப முடியல, ஆனா கையெழுத்துப் போட்டிருக்காங்களே" என்றார். நான் சாட்சியாம், நீ குற்றவாளியாம், விசாரணை முடியும்வரை நீ ஊரைவிட்டு நகரக் கூடாதாம், நாம் சந்திக்கவும் கூடாதாம். கடிதம் எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

பிறகு உன் கடிதம் வந்தது. மருத்துவமனைக் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். படித்த பிறகு எவ்வளவு நேரம் அங்கேயே நின்றேன் என்று தெரியாது. யாரோ வந்து "நகருங்க சார்" என்று சொன்னார்கள்.

நம் அப்பா. ஏப்ரல் ஊர்வலத்தில் கொடி பிடித்து முன்னால் நடக்கும் அப்பா. நான் சிறுவனாக இருந்தபோது அந்த வளைவில் சைக்கிளில் வேகமாக இறங்கினேன் என்று என்னைக் கன்னத்தில் அறைந்தார், நினைவிருக்கிறதா? அவர் என்னை அடித்தது அந்த ஒரு முறைதான். சைக்கிளைப் பிடுங்கி ஓடையில் எறிந்தார். ஜில்டோவின் நினைவுக்கு மரியாதை இல்லை என்று கோபம் என்றுதான் அம்மா சொன்னாள். நானும் அப்படியே நம்பினேன். நம்பி, வளர்ந்து, அதே பாதையில் ஊர் ஊராக ஆள் சேர்த்துக்கொண்டுவந்து அவருடைய ஜன்னலுக்குக் கீழே இறக்கிவிட்டேன். இருக்கிற பாதைகளிலேயே அழகான பாதை என்று.

ஆனால் நீ செய்தது தப்பு. பழி உன் மேல் விழுகிறதே என்று மட்டும் சொல்லவில்லை. டீனெகேவை நினைத்துப் பார். முன்பின் தெரியாத ஒரு பெண் தன்னைக் கொல்லக் காத்திருந்தாள் என்று அவளிடம் போலீஸ் போய்ச் சொல்லியிருக்கிறது. நான் போனபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். என்னால் பொறுக்க முடியவில்லை. நீ வேண்டாம் என்று எழுதியும் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஜில்டோ யார், அப்பா யார், எல்லாம்.

கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒரு முறை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள், வலித்தது. பிறகு சிலேட்டை எடுத்தாள். "அந்தக் கிழவரை ஜெயிலுக்கு அனுப்ப எனக்கு இஷ்டம் இல்ல. ஆனா செய்யாத ஒருத்தி அவர் பழியைச் சுமக்குறதும் வேணாம். உங்க அக்காகிட்ட அப்படியே சொல்லுங்க." அதை அழித்துவிட்டு மறுபடி எழுதினாள்: "என் குரல் போனதுக்கு நான் யார்மேல கோவப்படறது? அதையாவது சொல்லுங்க."

அக்கா, நீ அப்பாவைக் காப்பாற்றவில்லை. அந்தக் கல்லில் இருக்கிற பொய்யைக் காப்பாற்றுகிறாய். மிலியா அத்தையிடம் சொல். நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன், மாரெஷல்லோவிடமும் சொல்வேன். ஞாயிறு வரை பொறுக்கிறேன்.

லிவியோ


பிரிக்கோ மெர்லே
அக்டோபர் 4

லிவியோ,

நீ மிரட்டியதற்காக நான் சொல்லவில்லை. மிலியா அத்தை கேட்டதற்காகச் சொன்னேன்.

நேற்று ஞாயிறு. மிலியா அத்தை வழக்கம்போல் வந்தாள், கையில் ஹேசல்நட் கேக். சீட்டை எடுக்கவில்லை. அப்பா ஜன்னல் பக்கம் தூங்கிக்கொண்டிருந்தார். என் எதிரே நின்று சொன்னாள்: "ஏண்டி, யாரை ஏமாத்துறே? உனக்குக் கோழியையே அறுக்கத் தெரியாது, என்னைத்தான் கூப்பிடுவே. நீயா கம்பி கட்டினே? யாருக்காகடி பொய் சொல்றே? உன் தம்பிக்காகவா?"

அவள் உன்னைச் சந்தேகப்பட்டாள், லிவியோ. உன் பெயரை அவள் சொன்னதும் எனக்குள் ஏதோ விட்டுப்போயிற்று. சொல்லிவிட்டேன். அடுப்புப் பக்கம் நின்றுகொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் உட்காரவில்லை. கேக்கைக் கையில் பிடித்தபடியே நின்றாள். முகத்திலிருந்த நிறம் அப்படியே வடிந்துவிட்டது. விழுந்துவிடுவாள் என்று நாற்காலியை இழுத்தேன், "வேணாம்" என்றாள். பிறகு கேட்டாள்:

"அவன் உடனே செத்தானா?"

"தெரியாது அத்தே."

"உடனே போயிட்டான், வலியே தெரிஞ்சிருக்காதுன்னு எங்கம்மாகிட்ட சொன்னாங்க. அதைச் சொன்னவனும் உங்கப்பன்தான்."

கேக்கை மேசையில் வைத்துவிட்டு அப்பாவிடம் போய்த் தோளைப் பிடித்து உலுக்கினாள். "செகோந்தோ. எந்திரி. ஜில்டோ உடனே செத்தானா?"

அவர் தெளிவாக இருந்த நேரமா, தெளிவில்லாத நேரமா, எனக்குத் தெரியவில்லை. அவளை நேராகப் பார்த்துத்தான் பேசினார்.

"இல்ல. நான் மடியில போட்டுக்கிட்டேன். பேச வரல அவனுக்கு, காத்துதான் வந்துச்சு. கையைக் காட்டினான். ரொட்டியெல்லாம் மண்ணுல கொட்டிடுச்சு, பொறுக்கச் சொன்னான்."

"பொறுக்கினியா?"

"பொறுக்கினேன்."

"என்ன பண்ணீங்க அதை?"

"தின்னோம், மிலியா. பசி."

அவள் அவரை அறைந்தாள். எழுபது வயதுக்காரி எழுபத்து நான்கு வயதுக்காரரை. அவர் தலை ஒரு பக்கம் திரும்பியது. தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை. பிறகு அவள் நாற்காலியில் உட்கார்ந்து மேசைமேல் இருந்த சீட்டுக்கட்டைப் பார்த்தாள். என்னிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை.

"இத்தனை வருஷமா நான்தான் ஜெயிக்கிறேன். வாராவாரம். நான் கெட்டிக்காரின்னு நெனச்சேன். இவன் விட்டுக்குடுத்திருக்கான்டி."

எழுந்து போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை.

இன்று காலை அவளே காவல்நிலையத்துக்கு நடந்து போயிருக்கிறாள். டெல்ஃபினா சொன்னது பொய், கிழவன்தான் கட்டினான், அவனுக்கு இது எந்த வருஷம் என்றே தெரியாது, காரணம் இதுதான் என்று தன் வாயாலேயே எல்லாம் சொன்னாளாம். மாரெஷல்லோ என்னைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டி, "இதுக்கே உங்களை நான் உள்ள வைக்கலாம்" என்றார். பிறகு எனக்குத் தண்ணீர் கொடுத்தார். அப்பாவைப் பார்க்க ஒரு மருத்துவர் வருவாராம்.

மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. கடையில் இன்றும் பேச்சு நின்றது. ஆனால் வேறு மாதிரி நின்றது. யாருக்கும் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

டெல்ஃபினா


டூரின்
அக்டோபர் 13

அக்கா,

உன் கடிதத்தை டீனெகேவுக்கு மொழிபெயர்த்துப் படித்தேன். ரொட்டி வரும் இடத்தில் என்னால் தொடர முடியவில்லை. அவள் காத்திருந்தாள்.

நேற்று அவளுடைய கணவர் வந்து அவளை ஊருக்குக் கூட்டிப்போனார். குரல் கொஞ்சம் வந்திருக்கிறது, காகிதத்தைக் கசக்கினால் வருகிற சத்தம் போல. ரயில் ஏறும் முன் அந்தக் குரலில் கேட்டாள்: "அவர் இன்னும் காலைல அங்க போறாரா?" தெரியாது என்றேன். "தனியா விடாதீங்க" என்றாள். அவ்வளவுதான். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

எங்கள் சைக்கிள் சுற்றுலா நிறுவனம் அந்தத் தடத்தையே நிறுத்திவிட்டது. என்னையும் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். பாதைகளைத் தேடி இந்த மலையெல்லாம் மிதித்திருக்கிறேன். கார் வருமா, ஏற்றம் கடினமா, நிழல் உண்டா, தண்ணீர்க் குழாய் எங்கே என்று எல்லாம் பார்ப்பேன். அங்கே என்ன நடந்தது என்று மட்டும் ஒரு இடத்திலும் யாரையும் கேட்டதில்லை.

விசாரணை முடிந்தது, மருத்துவர் எழுதிக்கொடுத்துவிட்டதால் அப்பாமேல் வழக்கு இல்லை, இனிமேல் சந்திக்கலாம் என்று மாரெஷல்லோ சொன்னார். அக்கா, நான் வரலாமா?

லிவியோ


பிரிக்கோ மெர்லே
நவம்பர் 3

தம்பி,

வா. இதைக் கேட்க வேண்டுமா? பறிப்பு நேரத்தில் பதில் எழுத முடியவில்லை. திராட்சை உள்ளே வந்துவிட்டது, மழைக்கு முன்னால். பறிக்க ஆள் வருமா என்று பயந்தேன். வந்தார்கள், அதிகம் பேசாமல் பறித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மிலியா அத்தை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் வரவில்லை. அப்பா சீட்டைக் கலைத்துப் போட்டுவிட்டுக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

நீ வருவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நேரில் சொன்னால் அழுதுவிடுவேன், எழுதிவிடுகிறேன்.

விடியும் நேரத்தில் கதவைப் பூட்டி வையுங்கள் என்றார் மருத்துவர். பூட்டினேன். அப்பா கதவைப் பிறாண்டியதில் நகம் பிய்ந்துவிட்டது. அதனால் இப்போது நானே எழுந்து, அவருக்குக் கோட்டை மாட்டி, கையைப் பிடித்து வளைவுவரை கூட்டிப்போகிறேன். தினமும் இதே பேச்சுதான்.

"கம்பி எங்க?"

"அவுத்தாச்சுப்பா. போர் முடிஞ்சிடுச்சு."

"முடிஞ்சிடுச்சா? யார் ஜெயிச்சா?"

"நாமதான்."

அப்போது சிரிப்பார் பார், பல்லெல்லாம் தெரிய, பத்தொன்பது வயதுப் பையன் மாதிரி. சிரித்துவிட்டு உடனே கேட்பார்: "ஜில்டோ?"

ஆரம்பத்தில் உண்மையைச் சொன்னேன். பொய்யால்தான் இவ்வளவும் வந்தது, இனி பொய்யே வேண்டாம் என்று வைராக்கியமாக இருந்தேன். ஆனால் அவருக்கு அது ஒவ்வொரு காலையும் புதுச் செய்தி, லிவியோ. ஒவ்வொரு காலையும் முதல் தடவையாகக் கேட்பதுபோல் அதிர்ந்துபோய் அப்படியே பாதையில் உட்கார்ந்துவிடுவார். தூக்கி நிறுத்தி வீட்டுக்குக் கொண்டுவர என் இடுப்பு ஒடியும். இடுப்பு போகட்டும். அந்த முகத்தைத் தினமும் பார்க்க என்னால் முடியவில்லை.

நேற்று ஆன்மாக்கள் தினம். கல்லறைக்குப் போக வேண்டுமென்று சீக்கிரம் எழுந்தோம். கடும் மூடுபனி. வளைவில் வழக்கம்போல் கேட்டார். சொல்ல வாயைத் திறந்தேன், வேறு ஒன்று வந்தது.

"வந்தான்பா. ரொட்டியைக் குடுத்துட்டுக் கீழ போயிட்டான்."

அவர் நம்பவில்லை. என் கையை உதறினார். "பொய் சொல்றே. சைக்கிள் சத்தமே கேக்கலையே."

அப்போதுதான் எதிர்ப்பக்கம் தன் வீட்டு வேலியருகே மிலியா அத்தை நிற்பதைப் பார்த்தேன். கோழிகளுக்குத் தீனி போட வந்தவள், கையில் வாளி. நாங்கள் பேசிய எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவளுடைய அண்ணன் செத்த இடத்தில் நின்றுகொண்டு அவன் சாகவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாளியைத் தூக்கி எங்கள்மேல் எறிந்திருந்தால்கூட ஏன் என்று கேட்டிருக்க மாட்டேன்.

அவள் பாதையின் ஓரம்வரை வந்தாள். அதற்கு மேல் வரவில்லை. அப்பாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள்:

"போயிட்டான், செகோந்தோ. நான் பார்த்தேன். வீட்டுல தூங்குறான்."

"நல்லா இருக்கானா?"

அவள் வாளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நல்லா இருக்கான். நீ வீட்டுக்குப் போ."

அப்பா அவளுக்குத் தொப்பியைக் கழற்றினார். என்னோடு பேசாமல் நடந்து வந்தார். வீட்டுக்கு வந்ததும் பசிக்கிறது என்று சொல்லி இரண்டு துண்டு ரொட்டி சாப்பிட்டார். நான் வழியில் திரும்பிப் பார்த்து அவளுக்குக் கையைத் தூக்கிக் காட்டினேன். அவள் காட்டவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இன்று காலை மூடுபனி இல்லை. அதே இடத்தில், அதே நேரத்தில் நின்றிருந்தாள். கையில் வாளி இல்லை.

டெல்ஃபினா